ரெண்டு கண்டலுக்கு ஒரு தடவை

போன மாதம் ஓசூரில் ஒரு மருந்துக் கடையில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. தொண்டை கட்டியிருந்தது. கொப்பளிக்க ஏதாவது வாங்கலாம் என்று போனேன். கடையில் இருந்த பெண் மூக்கு வைத்த ஒரு சின்னப் புட்டியை எடுத்து நீட்டினாள். "ஸ்பிரே சார். நாலு மணிக்கு ஒருதரம் ரெண்டு அடி அடிங்க." அவ்வளவுதான், அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பிவிட்டாள். நான் விடுவேனா? "நாலு மணிக்குன்னா காலையிலயாம்மா, சாயங்காலமா?" என்று கேட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் சார், அதுகூடவா தெரியாது?" என்றாள். தெரியும். ஆனால் தெரியாதவனும் உன் கடைக்கு வருவான் என்றேன். பேச்சு வளர்ந்து, நான் ஓய்வு பெற்ற கம்பவுண்டர் என்று தெரிந்ததும் அந்தப் பெண் பெஞ்சைத் துடைத்து உட்கார வைத்தாள். தங்கள் மருந்துக் கடைக்காரர் சங்கத்து மலரில் போட வேண்டும், எழுதித் தாருங்கள் என்றாள். அதனால்தான் இது.

தொண்டை, வாய், நாக்கு மூன்றும் எனக்குக் கைவந்த விஷயம். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. வேறு வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். கட்டுப் போடுவதில் நான் சுமார்தான். ஆனால் ஒரு குழந்தையை அழவிடாமல் வாயைத் திறக்கவைத்து, உள்நாக்கில் படாமல் தொண்டைக்குப் பெயிண்ட் மருந்து தடவி எடுக்க வேண்டுமென்றால் ஐம்பதுகளில் அந்த வட்டாரத்தில் என்னைத்தான் கூப்பிட வேண்டும்.

ஊர் பாரூர் பக்கம். அப்பா கரும்பு வைத்திருந்தார். எனக்கு வயலில் மனம் ஒட்டவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் கம்பவுண்டர் பரீட்சைக்குப் படித்துத் தேறி, இரண்டு வருஷம் பெரிய ஆஸ்பத்திரிகளில் புட்டி கழுவினேன். பிறகு தளி போகிற பாதையில் ஒரு டிஸ்பென்சரிக்கு மாற்றல் வந்தது. ஊர் பேர் வேண்டாம். இரண்டு அறை, ஒரு தாழ்வாரம், ஒரு டாக்டர், நான், முனியம்மா என்ற ஆயா. கரண்டு கிடையாது.

டாக்டர் திருநெல்வேலிக்காரர். குள்ளமான மனிதர், குரல் மட்டும் ஊர் முழுவதும் கேட்கும். அவருக்குத் தொண்டை பார்க்கச் சூரியன் வேண்டும். காலையில் கிழக்கு வாசலில் ஸ்டூல் போடவேண்டும், மூன்று மணிக்கு மேல் மேற்கு வாசலுக்கு ஸ்டூலை மாற்ற வேண்டும். நடுவில் வருகிறவர்களுக்கு முற்றத்தில் முனியம்மா ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வெயிலை வாய்க்குள் திருப்பிவிடுவாள். நாக்கை அழுத்துகிற தகட்டைக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, தன் மணிக்கட்டில் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வைப்பார். அதற்கும் முன்னால் குனிந்து மோந்து பார்ப்பார்.

"மூக்கால பாருலே முதல்ல. கண்ணு பொறவு" என்பார் என்னிடம். அவருக்கு நான் எப்போதும் 'லே'தான். கோபித்தாலும் லே, பாராட்டினாலும் லே.

மருந்துகள் அப்போது குறைவு. பர்மாங்கனேட்டை ரோஸ் நிறத்தில் கரைத்தால் கொப்பளிக்க. கொஞ்சம் தூக்கலாகப் போய்விட்டால் வாய் வெந்துவிடும், ஆகவே வெள்ளைப் பீங்கானில் ஊற்றி நிறம் பார்த்துத்தான் கொடுப்பேன். அயோடினும் கிளிசரினும் பெப்பர்மின்ட் எண்ணெயும் கலந்த தொண்டைப் பெயிண்ட். கைக்குழந்தையின் வாய்ப்புண்ணுக்குக் கிளிசரினில் போராக்ஸ், அதைத் தாயின் விரலில் துணி சுற்றித் தொட்டுத் தடவச் சொல்வோம். ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடி ஸ்பிரே ஒன்றே ஒன்று. அது என் பொறுப்பு. அதன் மூக்குத் துவாரத்தை நான் தினமும் குதிரைமுடி விட்டுச் சுத்தம் செய்வேன். குமிழை ஒருதரம் அமுக்கினால் பனி மாதிரி வரவேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் குழந்தைக்குப் புரையேறும்.

கொப்பளிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுப்பதும் என் வேலைதான். நீங்கள் சிரிப்பீர்கள், ஆனால் பாதிப் பேருக்கு அது தெரியாது. வாயில் வைத்துத் துப்பிவிடுவார்கள், தொண்டைக்குப் போகவே போகாது. நான் வரிசைக்கு முன்னால் நின்று தண்ணீரை வாயில் ஊற்றி, தலையை நிமிர்த்தி, களகளவென்று சத்தம் போட்டுக் காட்டுவேன். கூட்டம் முழுதும் சிரிக்கும். முனியம்மா, "கம்பவுண்டரு பாட்டுக் கச்சேரி ஆரம்பிச்சுட்டாரு, எல்லாரும் வாங்க" என்று தாழ்வாரத்திலிருந்து குரல் கொடுப்பாள்.

மதுவிலக்கு இருந்த காலம் அது. சாராயச் சத்துள்ள டிங்சர் கலந்த ஒரு கொப்பளிப்பு மருந்தும் எங்களிடம் இருந்தது. மாட்டுத் தரகர் ஒருவர், கெலமங்கலம் சந்தை நாளன்று தவறாமல் வாய்ப்புண் என்று வந்து நிற்பார். நாலு வாரம் கொடுத்தேன். ஐந்தாவது வாரம் டாக்டர், "இங்கனயே கொப்பளிக்கச் சொல்லுலே, பாப்போம்" என்றார். தரகர் வாயில் ஊற்றினார், கன்னம் உப்பியது, கண்ணை மூடினார், மடக்கென்று ஒரு சத்தம். "துப்புங்க" என்றேன். "எதங்க?" என்றார். அடுத்த வாரத்திலிருந்து அவருக்கு பர்மாங்கனேட். நாக்கெல்லாம் காப்பிப் பொடி நிறமாகி, அதற்கப்புறம் அந்த மனிதருக்குப் புண்ணே வரவில்லை.

டாக்டரின் இன்னொரு சட்டம், மருந்து வாங்கியவர் அதை எப்படிச் சாப்பிடுவது என்று திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னால்தான் புட்டி கைக்குப் போகும். அங்கே மூன்று மொழி. ஒரே வரிசையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் நிற்கும். பாரூரில் எங்கள் பக்கத்து வீடு தெலுங்குக்காரர்கள், ஆகவே தெலுங்கு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கன்னடம் வராது. வராது என்பதை ஒப்புக்கொள்ள அந்த வயசில் வாயும் வராது. தெலுங்கு தெரிந்தால் இந்தப் பக்கத்தில் எல்லாரையும் சமாளித்துவிடலாம் என்று மார்தட்டிக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு டாக்டர் ஊரில் இல்லை. ஜவளகிரிப் பக்கம் அம்மை குத்துகிற முகாமுக்குப் போயிருந்தார். அவர் இல்லாத நாளில் சாதாரணத் தொண்டை வலிக்கு நானே கொப்பளிக்க மருந்து கொடுக்கலாம், அதற்கு மேல் கை வைக்கக் கூடாது. கூட்டம் நெரிந்தது. ஒரு பெண்பிள்ளை இடுப்பில் நாலு வயசுப் பையனோடு வந்தாள். காட்டோரத்துக் குடிசைக்காரி என்று பார்த்ததுமே தெரிந்தது. நாலைந்து மைல் நடந்து வந்த களைப்பு. பையனின் தொண்டையைத் தொட்டுக் காட்டி, "நோவு" என்றாள். நோவு நமக்கும் நோவுதானே. ஸ்டூலில் வைத்துப் பார்த்தேன். மோந்தும் பார்த்தேன். இலேசான சிவப்பு, வேறொன்றும் இல்லை. அவள் கொண்டுவந்த சீசாவில் ரோஸ் தண்ணீரை நிரப்பிக் கொடுத்து, அவளுக்கு முன்னால் நின்றவர் தெலுங்குக்காரர் என்பதால் அந்த வாக்கிலேயே, "ரெண்டு கண்டலகு ஒகசாரி" என்றேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை.

அவள் என்னை ஒரு நிமிஷம் அப்படியே பார்த்தாள். கண் கலங்கியதுபோல் இருந்தது. வலி பார்த்துப் பழகியவனுக்கு அதெல்லாம் உறைக்குமா? "சொல்லு, சொல்லு" என்றேன். அவளும், "ரெண்டு கண்டலகு, ஒகசாரி" என்று எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னாள். சட்டப்படி எல்லாம் சரி. புட்டி கைமாறியது, அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

மறுநாள் காலை ஸ்டூல் கிழக்கு வாசலில் இருக்கும்போதே அவள் வந்துவிட்டாள். இடுப்பில் அதே பையன். கையில் காலி சீசா. மூன்று நாளைக்கு வர வேண்டிய மருந்து. எனக்கு ஏறிவிட்டது. "என்னம்மா, குடிச்சுட்டீங்களா?" என்று சத்தம் போட்டேன். அவளும் சளைக்கவில்லை. கன்னடத்தில் படபடவென்று கொட்டினாள், பையனைக் காட்டினாள், காட்டுப் பக்கம் கையை நீட்டினாள், பிறகு அழுதாள். முனியம்மாவுக்குக் கன்னடம் வீட்டு மொழி. கேட்டுக்கொண்டே வந்தவள் முகம் மாறிவிட்டது.

"நீங்க நேத்து இன்னா சொன்னீங்க இவகிட்ட?"

"ரெண்டு மணிக்கு ஒருதரம்னு சொன்னேன்."

"மணியா? கண்டலுன்னா இவங்களுக்குத் தொண்டைங்க! ரெண்டு தொண்டைக்கும் ஒரு தடவ குடுன்னு நீங்க சொன்னீங்களாம். இவளும் ரெண்டு புள்ளைக்கும் பாதிப் பாதி ஊத்திட்டாளாம். பையனுக்குத் தேவலையாம். வீட்ல பொண்ணு ஒண்ணு கெடக்குதாம், எச்சிலக்கூட முழுங்கலையாம்."

தெலுங்கில் மணி, கன்னடத்தில் தொண்டை. அவள் திருப்பிச் சொன்னதும் நான் சொன்னதும் ஒரே சொல். சோதனையில் அவளும் தேறினாள், நானும் தேறினேன்.

முகாமிலிருந்து இரவே திரும்பியிருந்த டாக்டர் உள்ளேயிருந்து வந்தார். எல்லாவற்றையும் கேட்டார். முனியம்மா மூலம் மூன்றே கேள்விதான் போட்டார். எத்தனை நாளாக? நாலு நாள். கழுத்து வீங்கியிருக்கிறதா? அவள் இரண்டு கையையும் தாடைக்குக் கீழே வைத்து அகலமாகக் காட்டினாள். வாய் நாறுகிறதா? அவள் பதில் சொல்லாமல் முந்தானையால் மூக்கை மூடிக் காட்டினாள். டாக்டர் பையனைத் தூக்கி வெயிலில் வாயைப் பார்த்தார், மோந்தார், இறக்கிவிட்டார். "வண்டி புடிலே" என்றார். குரல் தணிந்திருந்தது. அவர் குரல் தணிந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சாலையில் மூங்கில் ஏற்றிய லாரி ஒன்று டீக்கடையில் நின்றிருந்தது. ஓடிப்போய் டிரைவரிடம் விஷயத்தைச் சொல்லி, காட்டோரக் குடிசைக்கு வரச் சொன்னேன். "பெங்களூருக்குத்தான் போறன், ஆனா அந்த வண்டிப் பாதைல லோடோட எறங்குனா அச்சு முறிஞ்சிடும் சார்" என்றான். டாக்டர் பின்னாலேயே வந்து, "அச்சு முறிஞ்சா நான் வாங்கித் தாரேன்டே, நீ ஏறு" என்றார். அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஏறினான், பின்னால் தாய், பையன், முனியம்மா எல்லாரும் ஏறினோம்.

போகிற வழியில் எனக்கு இன்னொரு கோபமும் இருந்தது. நோய் கடுத்த பெண்ணை வீட்டில் போட்டுவிட்டு, நன்றாக இருக்கிற பையனைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாளே, ஆண்பிள்ளை என்றுதானே? மனசில் வைத்துக்கொள்ளத் தெரியாதவன் நான், முனியம்மாவிடம் சொல்லிக் கேட்க வைத்தேன். அவள் கேட்டுவிட்டு என்னை முறைத்தாள். "புருசன் காட்டுக் கூப்புல மரம் வெட்டப் போயிருக்கான். பொண்ணுக்கு எட்டு வயசு, நடக்க முடியல. ரெண்டயும் எப்படித் தூக்குவா? இவன் விட்டுட்டு வந்தா கத்துவான், அவ கத்த மாட்டா. அதான் இவன எடுத்துக்கினு வந்தாளாம்."

குடிசை வாசலிலேயே அந்த வாடை வந்துவிட்டது. ஒருதரம் அறிந்தால் மறக்காது. டாக்டர் பெண்ணை வாசல் வெயிலில் மடியில் வைத்துப் பார்த்தார். எனக்கும் காட்டினார். இரண்டு பக்கத்துச் சதையையும் மூடி, உள்நாக்கு வரைக்கும், பழைய பால் ஏடு மாதிரி சாம்பல் நிறத் தோல். தொண்டை அடைப்பான், இங்கிலீஷில் டிப்தீரியா. புத்தகத்தில் படித்திருந்தேன், கண்ணால் கண்டதில்லை. மூச்சு விசில் மாதிரி இழுத்தது. என் கை தன்னால் பையிலிருந்த பெயிண்டுக்குப் போனது.

"தொடாதலே" என்றார். "உரிச்சா ரத்தம் வரும். வெசம் உள்ள போயாச்சு. இது தடவி ஆத்துத நோய் இல்ல. இதுக்கு வெசத்த முறிக்க சீரம் வேணும், அது நம்மகிட்ட இல்ல. பெங்களூர்ல இருக்கு."

அவர் கடிதம் எழுதினார். பையனையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளையும் பார்க்க அவர் இருந்தாக வேண்டும். பெண்ணை நான் கொண்டுபோக வேண்டும், தாய் கூட வருவாள். லாரியில் ஏறும்போது என் ஸ்பிரேயைக் காட்டி, "வெறும் உப்புத் தண்ணி ஊத்திக்கோ. வெதுவெதுப்பா. ஒதட்டுக்கும் நாக்கு நுனிக்கும் மட்டும். தொண்டைக்குப் போச்சுன்னா செத்துப்போவா, கேட்டியா?" என்றார்.

அந்தப் பயணத்தை என் வேலையிலேயே பெரிய வேலை என்று சொல்வேன். பெண்ணைப் படுக்கவைக்கக் கூடாது, உட்கார்ந்த வாக்கிலேயே என் மார்பில் சாய்த்துப் பிடித்திருந்தேன். அழக் கூடாது, அழுதால் மூச்சு அடைக்கும். வாய் திறந்தே இருந்ததால் உதடு வெடித்து நாக்கு கட்டை மாதிரி காய்ந்திருந்தது. லாரி குலுங்காத இடம் பார்த்து, குமிழை அரை அமுக்கு. ஒரு பனி. நாக்கை உள்ளே இழுத்து நனைத்துக்கொள்வாள். பள்ளம் வந்தால் கையை எடுத்துவிடுவேன், சமதரை வந்தால் மறுபடி அரை அமுக்கு. ஓசூர் தாண்டுவதற்குள் அவளுக்கே பழகிவிட்டது. நாக்கு காய்ந்தால் ஒரு விரலால் அந்த ரப்பர் குமிழைத் தொடுவாள். அதுதான் கேட்பது. அந்த உப்புத் தண்ணீர் நோயை ஒரு இம்மிகூடத் தீர்க்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த விரல் குமிழைத் தொடுகிற வரைக்கும் அவள் இருக்கிறாள் என்று அர்த்தம். அத்திப்பள்ளிக்குப் பிறகு கொஞ்ச நேரம் விரல் வரவில்லை. நானே உதட்டில் ஒன்று அடித்தேன். விரல் வந்தது. நான் அழுதுவிட்டேன், அந்தத் தாய் அதைப் பார்த்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் காத்திருக்க வைக்கவில்லை. தோலுக்கடியில் ஒரு சொட்டுப் போட்டுச் சோதித்து, பிறகு சீரம் ஏற்றினார்கள். தொண்டையில் துளை போடக் கத்தி, குழாய் எல்லாம் தயாராகப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அது தேவைப்படவில்லை. மூன்றாம் நாள் அந்தத் தோல் உரிந்து கழன்றது என்று செய்தி வந்தது. டாக்டர் அன்றைக்கு முனியம்மாவுக்கும் எனக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

ஜிலேபியைக் கையில் வைத்துக்கொண்டே அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "நீ சரியாச் சொல்லியிருந்தா அவ சரியாக் கேட்டுட்டுப் போயிருப்பா. அந்தப் பொட்டப்பிள்ள இருக்கதே நமக்குத் தெரிஞ்சிருக்காது. அதுக்காக மார்தட்டிக்கிடாதே. நாளைலேருந்து முனியம்மாகிட்ட கன்னடம் படி" என்றார். அன்றைக்கே அவருடைய சட்டமும் மாறியது. திருப்பிச் சொன்னால் போதாது, எத்தனை தடவை என்று விரல் விட்டு எண்ணியும், எந்த நேரம் என்று வெயிலைக் காட்டியும் செய்து காட்ட வேண்டும். நான் ஓய்வு பெறும் வரைக்கும் அப்படித்தான் மருந்து கொடுத்தேன். நாலு மாதத்தில் கன்னடமும் வந்துவிட்டது. முனியம்மா வாத்தியார் மிகவும் கண்டிப்பு.

ஆனால் ஊரில் வேறு கதை ஓடியது. கம்பவுண்டருக்கு ஞானதிருஷ்டி உண்டு, இடுப்பில் இருக்கிற பிள்ளையைப் பார்த்தே வீட்டில் இருக்கிற பிள்ளையின் தொண்டையைச் சொல்லிவிட்டார் என்று அந்தத் தாய் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். ஒருவர் நடந்து வந்து, வீட்டில் கட்டியிருக்கிற எருமைக்கு என்ன நோய் என்று சொல்லச் சொன்னார். முனியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தாய் வந்தால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தேன்.

அவரைக்காய்க் காலத்தில் வந்தாள். மடி நிறைய அவரைக்காய். பையன் ஒரு கையில், அந்தப் பெண் ஒரு கையில், மூன்று பேரும் நடந்தே வந்திருந்தார்கள். பெண் தேறியிருந்தாள். நோய்க்குப் பிறகு கொஞ்ச காலம் மூக்கால் பேசினாளாம், குடித்த தண்ணீர் மூக்கில் வந்ததாம், இப்போது அதுவும் இல்லை. நான் தாயை ஓரமாக நிறுத்தி, புதிதாகக் கற்ற கன்னடத்தில், ஒன்றுவிடாமல் சொன்னேன். நான் சொன்னது தொண்டை இல்லை, மணி. உனக்கு இன்னொரு பிள்ளை இருப்பதே அன்றைக்கு எனக்குத் தெரியாது, தாயி.

அவள் மடியிலிருந்த அவரைக்காயைத் தாழ்வாரத்தில் கொட்டினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது இவளை விட்டுவிட்டு வந்தது வழியெல்லாம் அறுத்துக்கொண்டே இருந்ததாம். நான் ரெண்டு தொண்டை என்றதும், யாரோ ஒருத்தர் இவளைப் பற்றியும் கேட்டுவிட்டார் என்று நினைத்தாளாம். "இவளுக்கும் அதையேதான் தினமும் சொல்றேன். ஆஸ்பத்திரி சாமி உன்னையும் கேட்டாரு, அதனாலதான் நீ இருக்கேன்னு."

அந்தப் பெண் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். எட்டு வயசு, எல்லாம் புரிந்துவிட்டது.

"நன்ன கேளலில்வா?" என்றாள் என்னிடம். என்னைக் கேட்கவில்லையா?

கேட்கவில்லை. ஒரு தாய் ஒரு பிள்ளையோடு தொண்டை வலி என்று வந்தால் வீட்டில் வேறு யாருக்கு என்று கேட்பது கம்பவுண்டரின் முதல் கேள்வி. மோந்து பார்த்தேன், வெயிலில் பார்த்தேன், நிறம் பார்த்துக் கலந்தேன், அதை மட்டும் கேட்கவில்லை. லாரியில் நாலு மணி நேரம் மடியில் வைத்திருந்தும் அவளிடம் நான் ஒன்றும் கேட்டதில்லை.

"கேளலில்லம்மா" என்றேன். "தப்பு என்னுதுதான்."

அவள் யாரும் சொல்லாமலே போய்க் கிழக்கு வாசல் ஸ்டூலில் ஏறி, வெயிலைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"ஈக கேளி" என்றாள். இப்போது கேளுங்கள்.

வரிசை காத்திருந்தது. நான் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, அவள் பெயரில் ஆரம்பித்து எல்லாவற்றையும் கேட்டேன்.